பொறுப்புக்கு வரம்பு உண்டா?

கடந்த பருவ விடுமுறையில் கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டில், இரவு உணவு வேளையில் ஒரு வாக்குவாதம். நானும் என் தோழியும் நடத்திவரும் சிறுதொழிலை முறைப்படி பதிவு செய்யப்போகிறோம் என்று அப்பாவிடம் சொன்னேன்.

“நல்லதும்மா. எப்படிப் பதியப் போறீங்க?”

“வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள அமைப்பாப்பா” என்றேன். மலாயில் படித்ததை என்னால் முடிந்தவரை தமிழாக்கியிருந்தேன்.

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “பொறுப்புக்கு வரம்பா? பொறுப்பில்லாதவன் பேசுற பேச்சால்ல இருக்கு!”

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் முதலாம் படிவம் படித்தபோது அப்பா சொந்தமாக ஓர் அச்சகம் வைத்திருந்தார். திருமண அழைப்பிதழ், நாள்காட்டி, ரசீதுப் புத்தகம் எல்லாம் அச்சடிப்பார். ஓராண்டு, பெரிய அளவில் நாள்காட்டி அச்சடிக்கச் சொன்ன வாடிக்கையாளர் ஒருவர் பணம் தராமலேயே காணாமல் போனார். காகிதம் கொடுத்தவருக்கு அப்பா 40,000 ரிங்கிட்டுக்கு மேல் பாக்கி. கடையை மூடினார். கடன் மூடவில்லை. வேன் போனது. அம்மாவின் நகைகள் அடகுக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டன. மீதியை வேலைக்குப் போய், ஆறு ஆண்டுகளில் கட்டி முடித்தார்.

“என் பேர்ல வாங்கினேன். என் பேர்லயே கட்டினேன்” என்றார் அன்றிரவும். அதில் அவருக்கு ஒரு பெருமை.

தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த அம்மா, “என் சங்கிலி மட்டும் உங்க பேர்லயா இருந்துச்சு?” என்று கேட்டார். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அந்தக் கேள்வியோடுதான் நான் சட்டத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

மூன்று வழிகள்

எங்கள் தொழில் மேடை அலங்காரம். உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்திற்கு விளையாட்டாகச் செய்து கொடுத்தது, இப்போது மாதத்திற்கு மூன்று, நான்கு நிகழ்ச்சிகள் என்று வளர்ந்துவிட்டது. வாடிக்கையாளர்களிடம் முன்பணம் வாங்குகிறோம். கண்ணாடி, விளக்கு, இரும்புச் சட்டம் ஆகியவற்றை மண்டபத்துக்குள் கொண்டு போகிறோம். ஏதாவது தவறினால் யார் பணம் கட்டுவது?

நம் நாட்டில் தொழிலைப் பதிவு செய்ய மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, பலரும் ‘எண்டர்பிரைஸ்’ என்று சொல்லும் தனி உரிமை அல்லது கூட்டு வணிகம். தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் இதற்கு 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டம் பொருந்தும். தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். மலிவானது, எளிதானது. ஆனால் சட்டத்தின் பார்வையில் தொழிலும் நீங்களும் ஒருவரே. தொழிலின் கடன் உங்கள் கடன். கூட்டு வணிகமாக இருந்தால், தொழிலுக்காக உங்கள் கூட்டாளி வாங்கிய கடனும் உங்கள் தலையில் விழும். அப்பாவின் அச்சகம் இந்த வகைதான்.

இரண்டாவது, சென்டிரியான் பெர்ஹாட். 2016ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் 2017 ஜனவரி 31ஆம் தேதி நடப்புக்கு வந்த பிறகு, ஒரே ஒருவர் பங்குதாரராகவும் இயக்குநராகவும் இருந்து நிறுவனத்தைத் தொடங்கலாம். இயக்குநருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 1,000 ரிங்கிட். பதிவான 30 நாள்களுக்குள் தகுதிபெற்ற நிறுவனச் செயலாளரை நியமிக்க வேண்டும். ஆண்டறிக்கை, நிதியறிக்கை என்று ஒவ்வோர் ஆண்டும் வேலை இருக்கும், செலவும் இருக்கும்.

மூன்றாவது, பி.எல்.டி. எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. குறைந்தது இரண்டு கூட்டாளிகள் தேவை. பதிவுக்கு 500 ரிங்கிட், ஆண்டு உறுதிமொழிக்கு 200 ரிங்கிட். இணக்க அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். கூட்டாளிகளில் ஒருவரே அந்தப் பொறுப்பை ஏற்கலாம். கணக்குப் புத்தகங்களை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். ஆனால் தணிக்கை கட்டாயமில்லை. இரண்டு மாணவிகளுக்கு இதுவே பொருந்தும் என்று எங்களுக்குத் தோன்றியது. கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால், பதியும் முன் ஆணையத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

காலணி வணிகரின் வழக்கு

நிறுவனம் வேறு, அதன் உரிமையாளர் வேறு என்பதைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் ஒரு பழைய ஆங்கிலேய வழக்கின் மூலம் படிக்கிறார்கள். லண்டனில் தோல் காலணி வணிகம் செய்த ஆரோன் சாலமன், 1892இல் தம் தொழிலை ஒரு நிறுவனமாக்கினார். அன்றைய சட்டப்படி ஏழு பேர் தேவை. மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு, மற்றவை அவருக்கு. நிறுவனம் நொடித்ததும், “இது வெறும் போர்வை, உள்ளே இருப்பது சாலமன்தான், அவரே கட்டட்டும்” என்று வாதாடினார்கள். 1896இல் பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. முறைப்படி பதிவான நிறுவனம் சட்டத்தின் முன் தனியொரு நபர். அதன் கடன் அதற்கே என்று தீர்ப்பளித்தது. இன்று மலேசியாவிலும் நிறுவனச் சட்டத்தின் அடிப்படை இதுதான்.

இதை அப்பாவிடம் சொன்னேன். “அப்ப காகிதம் கொடுத்தவன் என்ன பாவம் செஞ்சான்?” என்று கேட்டார்.

என்னிடம் உடனே பதில் இல்லை. நியாயமான கேள்வி. வரம்பு எனக்குப் பாதுகாப்பு என்றால், எனக்குக் கடனாகப் பொருள் கொடுத்தவருக்கு அதுவே ஆபத்து.

சுவரும் ஓட்டைகளும்

அம்மாவின் தோழி ஒருவர் நிறுவனச் செயலாளராகப் பணியாற்றுகிறார். அவரிடம் போய்க் கேட்டோம். “சட்டம் உங்களுக்கு ஒரு சுவர் கட்டித் தருது. பெரும்பாலும் அதுல ஓட்டை போடுறது நீங்களேதான்” என்றார். மூன்று ஓட்டைகளைச் சொன்னார்.

ஒன்று, ஜாமீன் கையெழுத்து. புதிய நிறுவனத்தை நம்பி யாரும் எளிதில் கடன் தரமாட்டார்கள். வங்கியும் சரி, பொருள் கொடுப்பவரும் சரி, “நிறுவனம் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்” என்று இயக்குநரிடமோ கூட்டாளியிடமோ தனியாகக் கையெழுத்து கேட்பார்கள். போட்டுவிட்டால் அந்தக் கடனைப் பொறுத்தவரை வரம்பு இல்லை.

இரண்டு, சொந்தத் தவறு. நான் சரியாகக் கட்டாத சட்டம் விழுந்து ஒருவருக்கு அடிபட்டால், பி.எல்.டி. என்ற மூன்றெழுத்து என்னைக் காப்பாற்றாது. தன் செயலுக்குக் கூட்டாளி தானே பொறுப்பு.

மூன்று, ஏமாற்று. கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு தொழில் நடத்தினால், நீதிமன்றம் அந்தச் சுவரைத் தாண்டி வந்து சம்பந்தப்பட்டவரையே பொறுப்பாக்கும். தொழிலின் பணத்தையும் சொந்தப் பணத்தையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்பக்கூடாது என்றும் எச்சரித்தார். அதுவரை வாடிக்கையாளர்களின் முன்பணம் என் சேமிப்புக் கணக்கில்தான் விழுந்துகொண்டிருந்தது. அதிலிருந்து கைப்பேசிக் கட்டணம்கூடக் கட்டியிருக்கிறேன்.

இதெல்லாம் ஏட்டோடு நிற்கவில்லை. பதிவு முடிந்த இரண்டாவது மாதம், விளக்குகளும் சட்டங்களும் 12,000 ரிங்கிட்டுக்குத் தவணையில் தருவதாக ஒரு விற்பனையாளர் சொன்னார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்த பிறகுதான் மூன்றாவது பக்கத்தைப் படித்தோம். கூட்டாளிகள் இருவரும், பெற்றோரில் ஒருவரும் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நிற்க வேண்டும் என்று இருந்தது.

மறுபடியும் அப்பா. மறுபடியும் அவருடைய பெயர்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கையிருப்பில் பாதிப் பொருள்களை வாங்கினோம். மீதியை நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி வாடகைக்கு எடுக்கிறோம். இரண்டு பெரிய வாய்ப்புகள் கைநழுவின. என் தோழிக்கு என்மேல் வருத்தம்தான். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

கூட்டாளிகள் இருவரும் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போடுங்கள் என்று செயலாளர் சொல்லியிருந்ததை, அந்தச் சண்டைக்குப் பிறகுதான் செய்தோம். ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலையும் லாபத்தையும் சமமாகப் பிரிப்பது போன்ற பொதுவிதிகளைச் சட்டமே பொருத்திவிடும். ஒருத்திக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தால்? ஒருத்தி விலக நினைத்தால்? எவ்வளவு தொகைக்கு மேல் இருவரின் சம்மதமும் தேவை? தோழியிடம் இதையெல்லாம் கேட்பது சங்கடம். பிறகு வழக்கறிஞர் அலுவலகத்தில் கேட்பதைவிட இது மேல்.

அப்பாவுக்கு என் பதில்

அப்பாவின் கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. பி.எல்.டி.யாகப் பதிவான அமைப்பின் பெயர் அந்த எழுத்துகளோடுதான் முடிய வேண்டும். “எங்களுக்குக் கொடுக்கும் கடன் இந்த அமைப்பை நம்பிக் கொடுப்பது, எங்கள் வீட்டை நம்பி அல்ல” என்று எதிரில் இருப்பவருக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தெரிந்து கொடுக்கிறவரை ஏமாற்றியதாகாது. கட்ட முடியாது என்று தெரிந்தே வாங்கினால்தான் ஏமாற்று. வரம்பு, கடனுக்குத்தான். கணக்கை நேராக வைப்பதற்கும், முன்பணத்தைத் தொடாமல் இருப்பதற்கும், சட்டத்தின் திருகாணியை இரண்டு முறை சோதிப்பதற்கும் வரம்பு இல்லை.

இதைக் கேட்டு அப்பா தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இப்போது அவர் வேறொருவர் அச்சகத்தில் வேலை செய்கிறார். எங்கள் ரசீதுப் புத்தகத்தை அங்கேதான் அச்சடித்தோம். மாதிரிப் படியைக் கொண்டுவந்து காட்டினார். எங்கள் பெயர் அழகாக இருந்தது. கடைசியில் இருந்த பி.எல்.டி. மட்டும் பொடி எழுத்தில் இருந்தது. நான்தான் அப்படி வடிவமைத்திருந்தேன்.

“இதைப் பெருசாக்கச் சொல்லிட்டேன்” என்றார் அப்பா. “கொடுக்கிறவன் கண்ணுக்குத் தெரியணும்.”