குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கக் கடனா?



"பொண்ணு படிப்புக்குக் குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கோணுங்க, கடன் வேணும்" என்று கூட்டங்களில் கேட்கிறீர்கள். விலை குறைவு, பையில் வைத்து பஸ்ஸில் கொண்டு போகலாம். ஆசை நியாயம்தான்.

ஆனால் 'ஆகாஷ்' கதை தெரியுமா? 2011 அக்டோபரில் மாணவர்களுக்காக மத்திய அரசு வெளியிட்டது. அரசு வாங்கிய விலை சுமார் 2,250 ரூபாய். ஏழு அங்குலத் திரையை அழுத்தித் தொட்டால்தான் கேட்கும், வேகமும் போதவில்லை. மறு வருடமே ஆகாஷ்-2 கொண்டுவர வேண்டியதாயிற்று.

வீடியோ பாடம் பார்க்க சின்னத் திரை போதுங்க. பக்கம் பக்கமாக டைப் அடிக்க, நம்ம குழுக் கணக்குப் போட, கண்ணும் விரலும் நோகும். மூலையில் கிடந்தாலும் தவணை கட்டித்தானே ஆகணும்! அதனால் காந்திபுரம் கடையில் பணம் கட்டுமுன் மகளையே கொஞ்ச நேரம் டைப் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரிப்பேர் கோவையிலேயே பார்ப்பார்களா என்றும் கேளுங்கள். பில்லை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.