வெண்ணெயில் வளர்ந்த டென்மார்க்

வடக்கு ஐரோப்பாவில் கடல் சூழ்ந்த சிறிய நாடு டென்மார்க். பரப்பு சுமார் 43,000 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை ஏறத்தாழ 60 லட்சம். இரும்பு, நிலக்கரி என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. ஆனாலும் மருந்து, காற்றாலை, கப்பல், உணவுப்பொருள் ஆகிய தொழில்களில் உலக அளவில் பெயர் பெற்றிருக்கிறது. இவற்றுள் சிலவற்றின் வேர் மாட்டுத் தொழுவத்தில் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் டென்மார்க் விவசாயிகள் தானியம் ஏற்றுமதி செய்து பிழைத்தார்கள். 1870களில் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் கப்பல் கப்பலாக ஐரோப்பாவில் வந்திறங்கியது. விலை சரிந்தது. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகள் இறக்குமதி வரி போட்டுத் தடுத்தன. டென்மார்க் தடுக்கவில்லை. அந்த மலிவுத் தானியத்தையே மாட்டுக்குத் தீவனமாகப் போட்டு, பாலை வெண்ணெயாக்கி இங்கிலாந்துக்கு விற்கத் தொடங்கினார்கள்.

இதில் சிறு விவசாயிக்கு ஒரு சிக்கல் இருந்தது. பெரிய பண்ணைகளின் வெண்ணெய் ஒரே தரமாக இருந்ததால் நல்ல விலை போனது. நாலைந்து மாடு வைத்திருப்பவர் வீட்டில் கடைந்த வெண்ணெயோ ஆளுக்கொரு பக்குவம். வியாபாரி விலையைக் குறைத்தே கேட்டார். 1878ல் பாலைச் சுழற்றி ஆடையைப் பிரிக்கும் இயந்திரம் வந்தது. அதைத் தனி ஆளாக வாங்க முடியாது. 1882ல் மேற்கு ஜட்லந்தில் யெடிங் என்ற ஊர் விவசாயிகள் சேர்ந்து நாட்டின் முதல் கூட்டுறவுப் பால்பண்ணையைத் தொடங்கினார்கள்.

இந்தப் பால்பண்ணைகளின் விதிகள் கவனிக்கத்தக்கவை. வீட்டுச் செலவுக்கு எடுத்தது போக மீதிப் பால் முழுவதையும் பண்ணைக்கே ஊற்ற வேண்டும். வெளியே நல்ல விலை கிடைக்கிறது என்று நழுவ முடியாது. வாங்கிய கடனுக்கு உறுப்பினர் எல்லோரும் கூட்டாகப் பொறுப்பு. லாபம் ஊற்றிய பாலுக்குத் தக்கபடி பிரியும். ஓட்டு மட்டும் ஆளுக்கு ஒன்றுதான், மாட்டுக்கு அல்ல. 50 மாட்டுக்காரரும் 2 மாட்டுக்காரரும் கூட்டத்தில் சமம். பிற்பாடு கொழுப்பைச் சோதித்து விலை போடும் முறை வந்ததும், தண்ணீர் கலப்பதில் லாபமில்லாமல் போயிற்று. சுமார் 25 ஆண்டுகளில் இத்தகைய பண்ணைகள் ஆயிரத்தைத் தாண்டின.

ஆடை எடுத்த பால் விவசாயிக்கே திரும்பி வந்தது. அதைக் கொண்டு பன்றி வளர்த்தார்கள். 1887ல் ஜெர்மனி உயிர்ப் பன்றி இறக்குமதிக்குத் தடை விதித்தபோதும் சோர்ந்துவிடவில்லை. அதே ஆண்டு ஹோர்சென்ஸ் நகரில் முதல் கூட்டுறவு இறைச்சிக்கூடம் எழுந்தது. இங்கிலாந்துக்காரரின் காலைச் சாப்பாட்டுக்கு உப்பிட்ட பன்றி இறைச்சி அங்கிருந்து போயிற்று. கழிவையும் வீணாக்கவில்லை. 1923 முதல் டென்மார்க்கில் இன்சுலின் தயாரானது, மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்துதான். அன்று தொடங்கிய தொழிலின் வாரிசான நோவோ நார்டிஸ்க் 2023ல் பங்கு மதிப்பில் ஐரோப்பாவிலேயே முதலிடத்துக்கு வந்தது. 2025ல் அதே கம்பெனி உலகம் முழுவதும் சுமார் 9,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, அதில் பாதிக்கு மேல் டென்மார்க்கில்தான். காற்றாலைக்குப் பேர்போன வெஸ்டாஸ் கம்பெனியும் 1898ல் லெம் என்ற ஊரில் திறந்த கொல்லன் பட்டறையிலிருந்து வளர்ந்ததே. இன்று நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்று தருகிறது.

ஆனால் எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போகவில்லை. சிறு பால்பண்ணைகள் ஒன்றோடொன்று இணைந்து, இன்று ஆர்லா என்ற பெரிய கூட்டுறவாக நிற்கின்றன. 1950களில் 2 லட்சம் அளவில் இருந்த விவசாயக் குடும்பப் பண்ணைகள் இப்போது 40,000க்கும் கீழ். மிஞ்சியவை பெரியவை, கடனும் பெரிது. நாட்டில் ஆட்களைவிடப் பன்றிகள் அதிகம். சாணமும் உரமும் கரைந்து கடலோர நீரைக் கெடுத்துவிட்டன.

மாடு, பன்றி வெளியிடும் வாயுக்களுக்கு 2030 முதல் வரி போட 2024ல் அங்கே உடன்பாடு ஏற்பட்டது. டன்னுக்கு 300 குரோனர், 2035ல் 750. கழிவுச் சலுகை 60 சதவீதம் இருப்பதால் உண்மையில் கட்ட வேண்டியது முதலில் 120 குரோனர், பிறகு 300. விளைநிலத்தில் ஒரு பகுதியைக் காடாக்கவும் திட்டம் உண்டு. உடன்பாட்டில் விவசாயச் சங்கமும் கையெழுத்திட்டிருக்கிறது. எனினும் எதிர்க்கும் விவசாயிகளும் அங்கே இருக்கிறார்கள்.