சந்தனப் பொட்டு வைத்த சிபியு

திருச்சியில் சித்தப்பா வீட்டுக் கூடத்து மூலையில், பூப்போட்ட உறையைப் போர்த்திக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. 2013இல் தங்கை பொறியியல் சேர்ந்தபோது வாங்கியது. அவள் வேலைக்குப் பெங்களூர் போனதிலிருந்து ஆயுத பூஜைக்கு மட்டும்தான் உறை விலகும். சிபியு நெற்றியில் சந்தனமும் குங்குமமும் ஏறும். (பெட்டி முழுவதையும் சிபியு என்பது நம் ஊர் வழக்கம். உள்ளே இருக்கும் சின்னச் சில்லுக்குத்தான் உண்மையில் அந்தப் பெயர். இத்தனை வருடப் பழக்கத்தைத் திருத்த எனக்குத் தெம்பில்லை.)

"இதைப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடலாம்னு இருக்கேன்டா. விண்டோஸ் பதினொன்னு இதுல ஏறாதாம்."

ஏறாதுதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சில்லு; சித்தப்பாவுடையது மூன்றாம் தலைமுறை ஐ3. இப்படிப் பழுதே இல்லாமல் ஓய்வு பெற்ற பெட்டிகள் எத்தனை வீட்டு மூலைகளில் இருக்குமோ.

அதே வீட்டில் சித்தியின் போன், இடம் இல்லை இடம் இல்லை என்று தினமும் புலம்புகிறது. கூகுள் போட்டோஸில் கணக்கில்லாமல் இலவசமாகப் படம் போட்டுவந்த காலம் 2021 ஜூன் 1இல் முடிந்துவிட்டது. இப்போது எல்லாம் 15 ஜிபி கணக்கில் சேரும். தங்கையின் கல்யாண வீடியோ மூன்று பென்டிரைவில் இருக்கிறது. அதில் ஒன்று திறக்கவில்லை.

"இரும்புக்குப் போட வேண்டாம் சித்தப்பா. சர்வரா மாத்திடலாம்."

"சர்வர்னா ஏசி ரூம்ல அடுக்கி வச்சிருப்பானே, அதுவா?"

டீ வந்தது. அதை வைத்தே ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு காலம் முன்பே தமிழில் சர்வர் உண்டு. 1964இல் நாகேஷ் நடித்த படத்தின் பெயரே 'சர்வர் சுந்தரம்'தான். ஓட்டல் சர்வர் சமைப்பதில்லை. கூப்பிட்ட மேசைக்குப் போகிறார், கேட்டதை உள்ளிருந்து கொண்டுவந்து வைக்கிறார், யார் எதைக் கேட்கலாம் என்று பார்த்துக்கொள்கிறார். இந்தப் பெட்டிக்கும் அதே வேலைதான். போனும் லேப்டாப்பும் டிவியும் மேசைகள். ஹார்ட் டிஸ்க் சமையலறை. இதற்குப் பெரிய மூளை எதற்கு? நின்றுகொண்டே இருக்கும் கால்தான் வேண்டும். பதின்மூன்று வயது ஐ3யும் 4 ஜிபி ராமும் இதற்குத் தாராளம்.

"அப்ப அப்படியே ஆன் பண்ணிட வேண்டியதுதானே?"

அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பழைய பெட்டியில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ராமும் சில்லும் சீக்கிரம் தேயாத சாமான்கள். சுழல்வதும் சூடாவதும்தான் முதலில் தேயும்.

மூடியைக் கழற்றினோம். பத்து வருடத் தூசி. மதர்போர்டில் சின்ன உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். தட்டை; பிழைத்தோம். மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மட்டும் சூடானதும் லேசாகத் தீய்ந்த வாசனை அடித்தது. அதற்கு வைத்தியம் பார்க்கக் கூடாது. புதிது வாங்கிவிட வேண்டும். அது சாகும்போது பக்கத்தில் இருப்பவற்றையும் இழுத்துக்கொண்டு போகக்கூடியது.

அடுத்தது, யாரும் கவனிக்காத ஒரு பொட்டு சாமான்: மதர்போர்டில் காசு போல இருக்கும் சிஆர்2032 பேட்டரி. கரண்ட் இல்லாதபோது, கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் பயாஸின் அமைப்புகளை நினைவில் வைத்திருப்பது அதுதான். நம் ஊருக்கு பயாஸில் இரண்டு அமைப்பு கட்டாயம் வேண்டும். கரண்ட் போய் வந்தால் தானாகவே ஆன் ஆக வேண்டும் என்பது ஒன்று. கீபோர்டு இல்லாவிட்டாலும் நிற்காமல் மேலே போக வேண்டும் என்பது இன்னொன்று. பேட்டரி தீர்ந்திருந்தால் இரண்டும் மறந்துபோகும். 'கீபோர்டைக் காணோம், தொடர எஃப்1 அழுத்துக' என்று, மானிட்டரும் கீபோர்டும் கழற்றப்பட்ட பெட்டி யாருக்கும் தெரியாமல் கேட்டுக்கொண்டே நிற்கும். என் வீட்டுப் பெட்டி அப்படி இரண்டு நாள் நின்றது. ஒரு சின்ன பேட்டரியால் வந்த வினை என்று எனக்கு உறைக்க இன்னும் ஒரு நாள் ஆயிற்று.

இனி ஹார்ட் டிஸ்க். உள்ளே இருந்தது 500 ஜிபி. ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும். ஸ்மார்ட் என்று பெயர். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை இடம் கெட்டுப்போய் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டது என்றெல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது எண் பூஜ்யமாக இருந்தால் நல்லது. வாராவாரம் ஏறினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அதைக் கைகழுவ வேண்டும். சித்தப்பாவின் டிஸ்க்கில் பூஜ்யம்தான். ஆனாலும் குடும்பப் படங்களை அதில் வைக்க நான் ஒப்பவில்லை. அதற்கு வேறு வேலை கொடுத்தேன்: இயங்குதளம் மட்டும் அதில் இருக்கட்டும். அது நாளைக்கே செத்தாலும் மறுபடி நிறுவ ஒரு மணி நேரம், தொலைவது ஒன்றுமில்லை. படங்களுக்குப் புதிதாக ஒரு 4 டிபி டிஸ்க்.

4 டிபி போதுமா என்று சித்தப்பா கேட்டார். போன் படம் ஒன்று 4 எம்பி என்று வைத்துக்கொண்டால், லட்சம் படத்துக்கு 400 ஜிபி. வீடியோவையும் சேர்த்துக்கூட நிறைய மிச்சம் இருக்கும்.

இயங்குதளத்துக்கு நான் எடுத்தது ஓப்பன்மீடியாவால்ட். லினக்ஸ் குடும்பத்து டெபியன் மேல் கட்டியது, இலவசம், ராம் குறைவாக இருந்தாலும் ஓடும். ட்ரூநாஸ் என்று இன்னொன்று பேர்போனது. ஆனால் அது ஆரம்பத்திலேயே 8 ஜிபி ராம் கேட்கும். பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்து நிறுவுவதுதான் முறை. ஒரே ஒரு எச்சரிக்கை: நிறுவி முடிக்கும்வரை புது டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். எந்த டிஸ்க்கை அழிக்கட்டும் என்று அது கேட்கும்போது, தேர்ந்தெடுக்க ஒன்றே ஒன்று இருப்பது நல்லது. பிறகு பெட்டியை ரவுட்டர் பக்கத்தில் வைத்து, கேபிளில் இணைத்து, ரவுட்டரில் அதற்கு மாறாத முகவரி ஒன்று ஒதுக்கினோம்: 192.168.1.10. அதற்கப்புறம் எல்லாமே லேப்டாப் பிரவுசரில்தான். புது டிஸ்க்கைச் சேர்ப்பது, ஃபோல்டர் உண்டாக்குவது, சித்தப்பாவுக்கு ஒரு பெயர், சித்திக்கு ஒரு பெயர், ஓய்வூதியக் காகிதங்கள் இருக்கும் ஃபோல்டரைப் பேரன் கை படாமல் வைப்பது, எல்லாம் அரை மணி நேர வேலை. அழித்தவை உடனே போய்விடாமல் குப்பைத் தொட்டியில் சில நாள் தங்கும் வசதி இருக்கிறது. அதை மறக்காமல் இயக்கினேன். சித்தி எதையும் அழிக்க மாட்டார். சித்தப்பாவைச் சொல்ல முடியாது.

"விண்டோஸ்காரனும் லினக்ஸ்காரனும் எப்படிடா பேசிக்கிறான்?"

நல்ல கேள்வி. நடுவில் இருக்கும் மொழிபெயர்ப்பாளரின் பெயர் சாம்பா. 1991 இறுதியில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர் எழுதத் தொடங்கியது. பேசும் மொழியின் இலக்கணம் அவர் கையில் இல்லை. கம்பியில் போகும் வரும் பேச்சைக் கவனித்து, இதைக் கேட்டால் அது வருகிறது என்று பார்த்துப் பார்த்தே கற்றார். இதைப் பின்னாளில் ஓட்டலை வைத்துத்தான் விளக்கினார்: பிரெஞ்சு தெரியாதவன் ஒரு பிரெஞ்சு கஃபேயில் உட்கார்ந்து, பக்கத்து மேசைக்காரர் என்ன சொன்னால் சர்வர் எதைக் கொண்டுவருகிறார் என்று கவனித்தே மொழியைப் பிடிப்பது போல என்று. பெயர் வந்த விதமும் வேடிக்கை. அந்த மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். எஸ், எம், பி மூன்றும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடச் சொன்னார். வந்த சொற்களில் ஒன்று சாம்பா.

லேப்டாப்பில் முகவரியைத் தட்டியதும் ஃபோல்டர்கள் வந்தன. போனிலிருந்து படங்கள் தாமாகவே வந்து சேர சின்க்திங் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் படங்களை லேப்டாப்பிலிருந்து முதல் முறை ஏற்றத்தான் நேரம் எடுக்கும். ரவுட்டரின் கேபிள் துளைகள் 100 எம்பிபிஎஸ் வகை என்றால், நொடிக்கு 12 எம்பிக்கு மேல் போகாது. 400 ஜிபிக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல். ஜிகாபிட் வகையாக இருந்து, லேப்டாப்பையும் கேபிளில் இணைத்தால் ஒரு மணி நேரச் சொச்சம். அவசரமில்லை என்றால் ராத்திரி விட்டுவிட்டுத் தூங்கலாம்.

பெங்களூரிலிருந்து தங்கையும் பார்க்கலாமா? பார்க்கலாம், ஆனால் ரவுட்டரில் கதவைத் திறந்துவிட்டு அல்ல. 2017 மே மாதம் உலகத்தை உலுக்கிய வான்னாக்ரை வைரஸ், எஸ்எம்பியின் பழைய முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. டெய்ல்ஸ்கேல் மாதிரி, இரண்டு முனைக்கும் நடுவில் பூட்டிய சுரங்கம் போடும் மென்பொருள் வழியாக வந்தால் போதும்.

"ரெண்டு டிஸ்க் போட்டு ஒண்ணு மாதிரியே இன்னொண்ணுல எழுதிக்கிட்டே இருக்கும்னு எவனோ சொன்னானே?"

அது ரெய்டு. டிஸ்க் ஒன்று செத்தால் வேலை நிற்காது என்பதுதான் அதன் லாபம். நீங்கள் தவறி அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். திருடன் வந்தால் பெட்டியோடு இரண்டும் போகும். வீட்டுக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. அந்தக் காசில் இரண்டாவது டிஸ்க்கை வெளியே வைப்பது மேல். தங்கை பொங்கலுக்கு வரும்போது ஒரு நகல் எடுத்துப் பெங்களூர் கொண்டுபோகட்டும், தீபாவளிக்கு வரும்போது புதுப்பித்துக்கொள்ளட்டும்.

சித்தப்பா மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இவ்வளவும் கேட்டுவிட்டு, அவர் கேட்க நினைத்த கேள்விக்கு வந்தார்.

"எவ்வளவு இழுக்கும்?"

எனக்குத் தெரிந்த உத்தேசத்தைச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஃபிரிட்ஜ், ஃபேன், சித்தி பார்த்துக்கொண்டிருந்த டிவி எல்லாவற்றையும் அணைத்தார். சிபியு மட்டும். வாசலில் மீட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மீட்டரில் 3200 என்று எழுதியிருக்கிறது. சிவப்பு விளக்கு 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். பத்து நிமிடம், வாயில் எண்ணினார். இருபத்துநாலு.

"இருபத்துநாலு ஆறு நூத்தி நாப்பத்துநாலு. மணிக்கு நூத்தி நாப்பத்துநாலு சிமிட்டல்னா நாப்பத்தஞ்சு வாட்."

ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு மாதத்துக்கு 65. இலவச யூனிட்டை வீடு ஏற்கெனவே தின்றுவிடுகிறது. அவர்கள் வீட்டுக் கணக்கு 430ஐ ஒட்டி நிற்கும். வெயில் காலத்தில் இன்னும் ஏறும். 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப் படியில் உள்ள சில யூனிட்டுக்கும் விகிதம் கூடிவிடும். அதை எனக்கு விளக்கத் தொடங்கி, சித்தப்பா இன்னொரு டீ ஆறும்வரை நிறுத்தவில்லை. இந்த ஒரு இடத்தில் பழைய பெட்டி தோற்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதே வேலையைச் செய்யும் கையளவு ராஸ்ப்பெர்ரி பை ஐந்து வாட்டுக்குப் பக்கத்தில் முடித்துக்கொள்ளும். ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், இது இருக்கிறது.

"ஓட்டல் சர்வர் இருபத்துநாலு மணி நேரமுமா நிக்கிறான்?" என்றார் சித்தப்பா.

நிற்க வேண்டாம்தான். படம் பார்ப்பதும் நகல் எடுப்பதும் சாயங்காலம்தான். தினமும் ஐந்து மணிக்கு எழுப்ப பயாஸிலேயே அலாரம் இருக்கிறது. அதற்கும் அந்தக் காசு பேட்டரிதான் ஆதாரம். பத்து மணிக்குத் தானே அணைந்துகொள்ள ஓப்பன்மீடியாவால்டில் ஒரு வரி. ஐந்து மணி நேரத்துக்கு இரண்டு மாதக் கணக்கு பதிமூன்றரை யூனிட். சித்தப்பா பழைய வெள்ளை மீட்டர் அட்டையைத் தேடியெடுத்து, அதன் பின்பக்கம் 192.168.1.10 என்றும் அதன் கீழே 13.5 என்றும் எழுதி, சந்தனப் பொட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

"அஞ்சு மணி ஷிஃப்டு. வாரம் ஒரு நாள் லீவு உண்டா?" என்றார் சித்தி, உள்ளேயிருந்து.

"ஆயுத பூஜைக்கு மட்டும்" என்றார் சித்தப்பா.