பெரிய கோப்புக்கு எந்தக் கோப்பு முறைமை?

மாணவர்களே, கோப்பு முறைமை பற்றிய வினா வந்தால் ஃபட் 32, என்.ரி.எஃப்.எஸ் என இரு பெயர்களை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குத் தாவிவிடுகிறீர்கள். எதற்கு எது பொருத்தம் என்று கேட்டால்தான் தடுமாற்றம்.

மெய்நிகர் இயந்திரம் என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் அமைக்கப்படும் இன்னொரு கணினி. அதன் முழு வன்தட்டும் வெளியே பெரும்பாலும் ஒரே கோப்பாகத்தான் இருக்கும். 40 கிகாபைற்று என்பது அங்கே சாதாரணம். ஃபட் 32 இலோ ஒரு கோப்பு 4 கிகாபைற்றை எட்டவே முடியாது. நான் கலைப்பட்டதாரி; இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 16 கிகாபைற்று பென் டிரைவ் வெறுமையாக இருந்தும் பிரதி பாதியில் நின்றது. பென் டிரைவ் பழுது என்று கடைக்காரருடன் சண்டைக்கே போய்விட்டேன்!

லினக்ஸில் பழைய ஈ.எக்ஸ்.ரி3, ஒவ்வொரு தொகுதியின் இடத்தையும் தனித்தனியே குறித்துவைக்கும். ஒரு தொகுதி 4 கிலோபைற்று எனின், 40 கிகாபைற்றுக் கோப்புக்கு

40 × 1024 × 1024 ÷ 4 = 10,485,760 தொகுதிகள்.

லயத்தில் ஒவ்வொரு காம்பிராவையும் தனித்தனியே எழுதாமல் "1 முதல் 8 வரை" என்று எழுதினால் வேலை குறையுமல்லவா? 2008 இல் லினக்ஸில் நிலைபெற்ற ஈ.எக்ஸ்.ரி4 அதைத்தான் செய்கிறது. தொடர்ச்சியான 128 மெகாபைற்று வரை ஒரே பதிவு. கோப்பு சிதறாதிருந்தால் 320 பதிவுகளே போதும். பெரிய கோப்பை அழிப்பதும் விரைவாகும். ஒரு கோப்பு 16 தெராபைற்று வரை வளரலாம்.

சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனம் 1993 இல் உருவாக்கத் தொடங்கிய எக்ஸ்.எஃப்.எஸ்ஸும் இவ்வாறே தொடராகக் குறிக்கும். மேலதிகமாக, வட்டைப் பல பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனிக் கணக்கு வைக்கும். மலைக்கு ஒரே மடுவம் இருந்தால் கொழுந்து நிறுக்க எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கவேண்டும். நான்கு மடுவம் இருந்தால் நான்கு வரிசை. பல மெய்நிகர் இயந்திரங்கள் ஒரே நேரத்தில் எழுதும்போது இது பெரிதும் உதவும். ரெட் ஹட் நிறுவனம் 2014 இல் தன் வழங்கிப் பதிப்பில் இதையே இயல்பிருப்பாக்கியது. குறை ஒன்றுண்டு: எக்ஸ்.எஃப்.எஸ் பிரிவைப் பெரிதாக்கலாம், பின்னர் வேண்டிய அளவுக்குச் சிறிதாக்க முடியாது. ஈ.எக்ஸ்.ரி4 ஐச் சுருக்கலாம்.

பி.ரி.ஆர்.எஃப்.எஸ் மாற்றத்தைப் பழைய இடத்தில் எழுதாமல் புதிய இடத்தில் எழுதும். ஓயாமல் மாறும் மெய்நிகர் வட்டு அதனால் துண்டு துண்டாகிவிடும். அக்கோப்புக்கு மட்டும் அவ்வியல்பை நிறுத்திவைக்கலாம்.

இனி மின்வெட்டு. 2022 மார்ச் 31 இல் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஈ.எக்ஸ்.ரி4, எக்ஸ்.எஃப்.எஸ் இரண்டும் கோப்பு முறைமையின் மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் பதியும்; கணினி மீண்டும் இயங்கும்போது அதைப் பார்த்துக் கணக்கைச் சீர்செய்யும். ஆனால் நீங்கள் கடைசியாக எழுதிய தரவுக்கு அது உத்தரவாதமல்ல. அதற்கு வேறொரு வட்டில் பிரதி வேண்டும்.

நம் தனியார் வகுப்பிலுள்ளதைப் போன்ற ஒற்றை வட்டுக் கணினிக்கு ஈ.எக்ஸ்.ரி4 தான் என் தெரிவு. நாளை பசறை வீதியிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் கற்கச் சென்று, பல தெராபைற்று வழங்கி ஒன்று உங்கள் பொறுப்பில் வந்தால் எக்ஸ்.எஃப்.எஸ்ஸை எண்ணிப் பாருங்கள். பிரிவின் அளவை மட்டும் முதலிலேயே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பிறகு சிறிதாக்குவதென்றால் முழுவதையும் அழித்து மீள வடிவமைக்க வேண்டிவரும்.