மனதும் பிறசரும்

தாராபுரத்தில் மாதர் சங்கக் கூட்டங்களுக்குப் போகும்போது நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “பழசை நினைச்சால் தலை இடிக்குது. இது பிறசரா, மனக்கவலையா?” 1990 ஒக்டோபரில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, படகேறிக் கற்பிட்டி, புத்தளம் என்று அலைந்து, வருடக் கணக்கின் பின் திரும்பி வந்தவர்கள் கேட்கும் கேள்வி. மருத்துவ வரலாற்றிலும் இவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன.

சர்ப்பகந்தி என்னும் மூலிகையின் வேரை நாட்டு வைத்தியர்கள் சித்தப்பிரமைக்குக் கொடுத்து வந்தார்கள். 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த சென், போஸ் என்னும் இரு வைத்தியர்கள், அதே வேர் இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினார்கள். 1949இல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் வக்கீல் அதை உலகறியச் செய்தார். 1952இல் சுவிற்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ‘ரிசர்பின்’ என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

ஆனால் ரிசர்பின் எடுத்த சிலர் மனச்சோர்வில் விழுந்தார்கள். 1955இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள்: இந்த மருந்து மூளையிலுள்ள செரட்டோனின் என்ற இரசாயனத்தை வெளியேற்றிவிடுகிறது. நொராட்ரினலின் என்ற இன்னொரு இரசாயனமும் இதனால் குறைகிறது என்பது பின்னர் தெரிந்தது.

செரட்டோனின் இரத்தத்திலும் இருக்கிறது. உயர் இரத்த அழுத்தத்தின் காரணத்தைத் தேடியவர்கள், இரத்தக் குழாய்களை இறுக்கும் பொருளாக 1948இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அது மூளையிலும் இருப்பதாக 1953இல் எழுதியவர்களில் முதன்மையானவர் பெற்றி ட்வாரொக் என்ற இளம்பெண். மூளையின் அடித்தண்டில் இதயத் துடிப்பையும் இரத்தக் குழாய்களையும் கட்டுப்படுத்தும் இடத்திலும் செரட்டோனின் வேலை செய்கிறது. ஓரிடத்தில் அழுத்தத்தைக் கூட்டும், வேறோரிடத்தில் குறைக்கும். ஆகவே “செரட்டோனின் குறைந்ததால்தான் கவலையும் பிறசரும்” என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது.

இதனால் நமக்கென்ன? நான் அறிந்த ஒரு தாய், மனநலக் குளிசை தொடங்கியதும் பிறசர்க் குளிசையை நிறுத்திவிட்டார். கவலை தீர்ந்தால் பிறசரும் போய்விடும் என்று நினைத்தார். அடுத்த முறை அளந்தபோது அழுத்தம் மிக உயர்ந்திருந்தது. தலையிடி ஒன்றும் இருக்கவில்லை. உயர் அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. அளந்துதான் அறியவேண்டும். பல தடவை அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிகிச்சை பற்றி வைத்தியரிடம் பேச வேண்டும்.

சகோதரிகளே, கிளினிக்குக்குப் போகும்போது எல்லாக் குளிசைகளையும் ஒரே பையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள். மனநல மருந்துகளில் சில அழுத்தத்தைக் கூட்டக்கூடும். பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள், பக்கத்து வீட்டுக் குளிசையை வாங்கிப் போடாதீர்கள். கருவாட்டையும் உப்பையும் குறையுங்கள். நித்திரை வராததையும், அழுகை வருவதையும் பிறசர் பார்க்கும் வைத்தியரிடமே சொல்லுங்கள். அதைச் சொல்வது வெட்கமல்ல, அதுவும் வைத்தியத்தின் ஒரு பகுதிதான்.