வேலிக்குள் வைத்த ஊர்கள்
அந்நியப் படையும் உள்ளூர்ப் போரும் – 11

ஊரோடு கலந்து நிற்கும் கெரில்லாவைப் பிடிக்க முடியாத படைகள் ஒரே வழியைத் திரும்பத் திரும்பக் கையாண்டிருக்கின்றன: ஊரையே பெயர்த்தெடுத்து வேலிக்குள் வைப்பது. 1896 இல் கியூபாவில் ஸ்பானியத் தளபதி வெய்லர் செய்தார். பிறகு தென்னாப்பிரிக்காவில் கிச்சனர், பிலிப்பைன்ஸில் அமெரிக்கர்கள். பட்டினியும் கொள்ளைநோயும் கூடவே வந்ததால் கெட்ட பெயரெடுத்த இந்த முறைக்கு நற்பெயர் வாங்கித் தந்தது மலாயா. 1948 இல் தொடங்கி 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பிரிட்டிஷார் கம்யூனிஸ்டுகளை வென்றது வேலியிட்ட புதுக்கிராமங்களால்தான் என்ற நம்பிக்கை ராணுவ வட்டாரங்களில் வேரூன்றியது. இராக் போர் நடந்துகொண்டிருந்த 2006 இல் அமெரிக்க ராணுவம் வெளியிட்ட கையேடுகூட மலாயாவை முன்மாதிரியாகக் காட்டியது. அந்தப் பாடம் பாதிதான் சரி. வேலி கெரில்லாவைப் பட்டினி போட்டது உண்மை. போரை முடித்தது வேலி அல்ல, மலாயாவை விட்டுப் போவதாக ஆள்பவர்கள் எடுத்த முடிவு.

வேலி எப்படி வேலை செய்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஜப்பானியர் காலத்தில் நகரத்தை விட்டுக் காட்டோரம் குடியேறிப் பயிர் செய்து பிழைத்த சீனர்கள்தான் கெரில்லாக்களுக்கு அரிசியும் செய்தியும் தந்தவர்கள். ஜெனரல் பிரிக்ஸ் 1950 இல் வகுத்த திட்டப்படி ஏறக்குறைய 5 லட்சம் பேர் பெயர்க்கப்பட்டு முள்கம்பி வேலிக்குள் குடிவைக்கப்பட்டார்கள். விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதித்தார்கள். மடியில் ஒரு பிடி அரிசி இருந்தாலும் குற்றம். கடைக்காரர் டின் உணவை விற்கும்போதே டின்னில் ஓட்டை போட்டுத் தர வேண்டும், காட்டுக்குள் சேர்த்து வைக்க முடியாதபடி. சில இடங்களில் அரிசியை அரிசியாக விற்பதே நின்றது. பொதுச் சமையற்கூடத்தில் வடித்த சோறாகத்தான் கிடைத்தது. சோறு மறுநாள் ஊசிப்போகும் என்பதுதான் கணக்கு. 1952 இல் தஞ்சோங் மாலிம் பகுதியில் நடந்த ஒரு தாக்குதலுக்குத் தண்டனையாக ஊர் முழுவதற்கும் தினம் 22 மணி நேர ஊரடங்கு போட்டு, அரிசிப் பங்கையும் வெட்டினார் ஜெனரல் டெம்ப்ளர். மக்கள் மனங்களை வென்றவர் என்று புகழப்படுகிறவர் இவர்தான்.

இதே திட்டம் 1962 இல் தென்வியட்நாமுக்குப் போனது. மலாயாவில் பணியாற்றிய ராபர்ட் தாம்சனே சைகோனில் ஆலோசகர். பின் துவோங் மாநிலத்தில் முதலில் தொடங்கிய இடத்தில், இருநூறு சொச்சம் குடும்பங்களில் தாமாக வந்தவை 70 மட்டுமே; மற்றவர்களைப் படையினர் கட்டாயப்படுத்திக் கொண்டுவந்தார்கள், பழைய வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். 1963 நவம்பரில் அதிபர் தியெம் கொல்லப்பட்டதும் திட்டம் சரிந்தது. பல இடங்களில் குடியானவர்களே வேலியைப் பிய்த்துவிட்டு ஊர் திரும்பினார்கள். தியெம் அவசரப்பட்டார், தாம்சன் சொன்ன வரிசையைப் பின்பற்றவில்லை என்று திட்டத்தின் ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். அவசரப்பட்டது உண்மைதான். மேற்பார்வை செய்த கர்னல் ஃபாம் ங்கோக் தாவோ கம்யூனிஸ்டுகளின் ரகசிய ஆள் என்பதும் பிற்பாடு தெரிந்தது.

ஆனால் திறமைதான் குறை என்றால் அல்ஜீரியாவை எப்படி விளக்குவது? பிரெஞ்சுப் படை அங்கே அரைகுறையாக எதையும் செய்யவில்லை. 20 லட்சம் பேருக்கு மேல் முகாம்களுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். துனீசிய எல்லையில் 1957 இல் மின்வேலி எழுந்தது. ஜெனரல் ஷால் 1959 இல் தொடங்கிய திட்டம் உள்நாட்டுக் கெரில்லாப் படைகளைச் சிதறடித்தது. களத்தில் ஏறக்குறைய வென்றுவிட்ட பிரான்ஸ் 1962 இல் வெளியேறியது. அல்ஜீரியா பிரான்ஸின் ஒரு பகுதி என்று சொல்லிக்கொண்டு போன அரசிடம், வேலிக்குள் இருந்தவர்களுக்குத் தருவதற்கு நெடுநாள் எதுவுமே இல்லை.

மலாயாவில் தருவதற்கு இருந்தது. 1952 இல் குடியுரிமை விதிகள் தளர்ந்து லட்சக்கணக்கான சீனர்கள் குடிமக்களானார்கள். 1955 தேர்தலில் துங்கு அப்துல் ரகுமானின் கூட்டணி அமோகமாக வென்றது. அவ்வாண்டு டிசம்பரில் பாலிங்கில் கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்கோடு பேச உட்கார்ந்தபோது எதிரே இருந்தது வெள்ளைக்கார ஆளுநர் அல்ல, ஓட்டு வாங்கி வந்த உள்ளூர்த் தலைவர். 1957 ஆகஸ்ட் 31 இல் மலாயா சுதந்திரம் பெற்ற பிறகு காலனியாதிக்கத்தை எதிர்க்கிறோம் என்று கெரில்லாக்கள் சொல்ல இடமில்லாமல் போயிற்று. இது பிரிட்டிஷாரின் பெருந்தன்மை அல்ல. தொழிற்சங்கக் கூட்டமைப்பை 1948 இல் முடக்கியவர்கள் அவர்கள்தான். அதன் தலைவராக இருந்த தஞ்சைத் தமிழர் எஸ். ஏ. கணபதியைத் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே மாதம் கோலாலம்பூரின் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். துப்பாக்கியால் மட்டும் முடியாது என்று தெரிந்த பிறகே வழி மாறினார்கள்.

1951 அக்டோபரிலேயே மலாயாவின் கம்யூனிஸ்டுக் கட்சி தன் வன்முறையைக் குறைக்கத் தீர்மானித்துவிட்டதே, அப்போது சுதந்திரப் பேச்சு எங்கே இருந்தது என்று கேட்கலாம். வலுவான கேள்வி. அந்தப் பின்வாங்கலில் பட்டினிக்கும் பங்கு உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பின்வாங்கிய படை மீண்டும் ஊருக்குள் ஆதரவு பெறாமல் போனதற்கு வேலி காரணமாக முடியாது. அல்ஜீரியாவிலும் கெரில்லாக்கள் பின்வாங்கினார்கள். அவர்கள் பக்கம் நின்ற மக்கள் பின்வாங்கவில்லை. கெரில்லாக்களில் பெரும்பாலோர் ஒரே இனத்தவர், ஆயுதம் தர அண்டை நாடு இல்லை என்று மலாயாவுக்கு மட்டும் பொருந்தும் சாதகங்களும் இருந்தன. அப்படியானால் அதை அச்சுப் பிசகாமல் நகலெடுத்தது இன்னும் பெரிய பிழை.

வேலி போட்டவர்களே அரசியல் உரிமை தந்து போரை முடித்த உடன்பாடு இதற்கு முன் தென்னாப்பிரிக்காவிலும் நடந்தது. கிச்சனரின் முகாம்களில் டச்சு வம்சாவளியினரான போயர்கள் ஏறக்குறைய 28,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். 1902 இல் பிரிட்டோரியாவில் கையெழுத்தான ஃபெரீனிகிங் உடன்படிக்கை தன்னாட்சி தருவதாக உறுதி கூறி, இழப்பீட்டுக்கு 30 லட்சம் பவுண்டும் ஒதுக்கியது. களத்தில் தோற்ற தளபதி லூயிஸ் போத்தா 1907 இல் டிரான்ஸ்வாலின் பிரதமரானார். கறுப்பின மக்களும் தனி முகாம்களில் ஆயிரக்கணக்கில் செத்திருந்தார்கள். அவர்களுக்கு ஓட்டுரிமை உண்டா என்ற கேள்வியைத் தன்னாட்சி வந்த பிறகு முடிவு செய்யலாம் என்று அதே உடன்படிக்கை தள்ளிவைத்தது. தன்னாட்சி பெற்ற இரண்டு போயர் மாநிலங்களும் அந்த உரிமையைத் தரவில்லை.