தேடுபவர் யார்?

ஒரே சொற்களைத் தன் கைபேசியிலும் கணவரின் கைபேசியிலும் தட்டினால் வேறு வேறு முடிவுகள் வருகின்றனவே, எது சரி என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இரண்டுமே சரியாக இருக்கலாம். தேடுபொறி இணையப் பக்கங்களைத் திரட்டி வரிசைப்படுத்துகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வரிசை யாருக்காக என்பதைத்தான் நாம் கேட்பதில்லை.

‘மஞ்சள் காமாலை’ என்று தேடுகிறவர்களைப் பாருங்கள். தேர்வுக்குப் படிக்கும் மாணவிக்குக் கல்லீரலும் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமியும் வேண்டும். பிறந்து மூன்று நாளான குழந்தையின் கண் மஞ்சளாகத் தெரிகிறதே என்று பதறும் தாய்க்கு, உடனே மருத்துவரிடம் போக வேண்டுமா என்பது தெரிய வேண்டும். தேவை வேறு, விடையும் வேறு. இதில் வியப்பில்லை.

வியப்பு அடுத்தபடியில்தான். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தோடு தொடர்புடைய ஜெய்மி டீவன், சூசன் டுமாய்ஸ், எரிக் ஹார்விட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 15 பேரிடம் ஒவ்வொரு தேடலுக்கும் முதல் 50 முடிவுகளைக் கொடுத்து, தங்களுக்கு எது எவ்வளவு பயன்படும் என்று மதிப்பிடச் சொன்னார்கள். எதைத் தேடுகிறோம் என்பதை ஏறக்குறைய ஒரே மாதிரி சொன்னவர்கள்கூட, பக்கங்களை வேறு வேறு விதமாக மதிப்பிட்டார்கள். நம் எடுத்துக்காட்டில், அந்தத் தாய் ஒரு செவிலியர் என்றால் பிலிருபின் அளவுகளின் அட்டவணையைத்தான் முதலில் தேடுவார். மருத்துவச் சொற்கள் பழகாத தாய்க்கு அதே அட்டவணை கலக்கத்தைத்தான் கூட்டும். கவலை ஒன்று, கைகொடுக்கும் பக்கம் ஒன்றல்ல.

இதை அந்த ஆய்வாளர்கள் ஒரு வளைகோடாகவும் வரைந்து காட்டினார்கள். ஒரே ஒருவருக்காக என்றால் அவர் மனம்போலவே வரிசையை அமைத்துவிடலாம். அதே வரிசை இன்னொருவருக்கும் பொருந்த வேண்டுமென்றால் யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும். ஆள் கூடக் கூட, எவ்வளவு திறமையாக அடுக்கினாலும், வரிசை ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் அந்தக் கோடு கீழே இறங்குகிறது. பொது வரிசை ஒன்றால் எல்லோரையும் நிறைவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான படத்தை நான் பார்த்ததில்லை. ஒரு வங்கியின் பெயரைத் தட்டி அதன் தளத்துக்குப் போகிறவர்களிடம் இந்த இறக்கம் அவ்வளவாக இருக்காது. அவர்கள் எல்லோருக்கும் வேண்டியது ஒரே முகவரி.

எங்கள் தெரு மளிகைக் கடையில் அரிசி கேட்டால், “இட்லிக்கா, சாப்பாட்டுக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் கடைக்காரர் அளப்பார். தேடுபெட்டி பெரும்பாலும் அப்படித் திருப்பிக் கேட்பதில்லை. நாம் இருக்கும் இடம், மொழி, முன்பு திறந்த பக்கங்கள் ஆகியவற்றை வைத்து ஊகிக்கிறது. 2009 டிசம்பரில் கூகுள், கணக்கில் நுழையாதவர்களுக்கும் பழைய தேடல்களைப் பார்த்து முடிவுகளை மாற்றத் தொடங்கியது.

ஊகிப்பது தவறில்லை. ஆனால் நேற்றுத் தேடியதை வைத்தே இன்றைக்கும் ஆளை எடைபோடுவது சரியல்ல. நம் வீடுகளில் ஒரே கைபேசியில் பாட்டி பஞ்சாங்கம் பார்ப்பார், பேரன் கிரிக்கெட் பார்ப்பான், மருமகள் வேலை தேடுவார். மூவரையும் ஒரே ஆளாகக் கணக்கில் எடுத்துக்கொண்டால் யாருக்கும் உரியது கிடைக்காது. மனிதரை அறிய உதவும் அதே விவரங்கள் விளம்பரத்துக்கு ஆள் பிடிக்கவும் பயன்படுவது இன்னும் வருத்தம்.

இந்தக் கேள்வி தேடுபொறிகளுக்கு முன்பே நூலகங்களில் எழுந்தது. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒவ்வொரு வாசகரிடமும் அவருக்கேற்ற நூல் போய்ச் சேர வேண்டும் என்று வகுத்தார். வாசகரோடு பேசி அவர் தேவையை அறிவது நூலகரின் தலையாய பணி என்று கருதியவர் அவர். இன்று பல நூலகங்களில் அப்படிப் பேச ஆளில்லை. பிள்ளைகளுக்குத் தட்டச் சொல்லிக்கொடுக்கிறோம், கேட்கச் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஆகவே தேடும்போது ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். யாருக்காக, எதற்காக என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தேடுபொறியைச் செய்கிறவர்களும் நம்மைப் பற்றி என்ன ஊகித்தார்கள் என்பதைத் திரையிலேயே சொல்லி, அதை நாம் திருத்த வழிவிட வேண்டும். நமக்கு என்ன வேண்டும் என்பதில் கடைசிச் சொல் நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும்.